கசங்கிய தாள்களின் சரித்திரம்

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் சாமி புத்தகமும் கட்சிப் பிரசுரமும் அருகருகே விற்பனையாகின்றன. இருநூறு ஆண்டுகளாக இந்த நகரம் தன் பெரிய சண்டைகளை மெல்லிய தாள்களில்தான் போட்டு வந்திருக்கிறது.

வங்காளிகளுக்கு வியாழக்கிழமை லட்சுமிக்கு உரிய நாள். தென் கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய கடைகளில் பூவும் பழமும் வாங்கக் கூட்டம் நிற்கிறது. பூஜைச் சாமான்கள் விற்கும் 'தசகர்மா பண்டார்' கடையில் குங்குமத்துக்கும் சாம்பிராணிக்கும் நடுவே ஒரு சின்னஞ்சிறு புத்தகம் தொங்குகிறது. அட்டையில் லட்சுமி, உள்ளே சில பக்கச் செய்யுள். 'லட்சுமி பாஞ்சாலி' என்று பெயர். மாலையில் விளக்கேற்றி, வீட்டுப் பெண்கள் அதை உரக்கப் படிப்பார்கள். நம்மூர்க் கோயில் வாசலில் விற்கும் கந்த சஷ்டி கவசத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி.

துர்கா பூஜை வந்தால் இன்னொரு வகைக் கடை முளைக்கும். கொல்கத்தாவின் பல பேட்டைகளில் பந்தலுக்குச் சற்றுத் தள்ளி, சிவப்புத் துணி விரித்த மேஜையில் மார்க்ஸும் லெனினும் கட்சி வெளியீடுகளும் அடுக்கப்படுகின்றன. கடவுளை நம்பாதவர்கள் கடவுளின் திருவிழாக் கூட்டத்தில் கடை விரிப்பது இங்கே யாருக்கும் வியப்பளிப்பதில்லை. இடதுசாரிகள் பழக்கிய இந்த வழக்கத்தைத் திரிணமூல் காங்கிரசும் பிடித்துக்கொண்டு, தன் 'ஜாகோ பாங்ளா' பெயரில் கடை போடுகிறது.

லேக் கார்டன்ஸ் அமைதியான குடியிருப்புப் பகுதி. அருகில் ஓடும் பிரின்ஸ் அன்வர் ஷா சாலை, திப்பு சுல்தான் வம்சத்தவர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1806ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்த பிறகு, அங்கே காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகளை ஆங்கிலேயர் இந்தப் பக்கம்தான் கொண்டுவந்து குடியேற்றினர். ரயில் பாதைக்கு வடக்கே, சதுப்பு நிலத்தை 1920களில் வெட்டி உருவாக்கிய ஏரி. 1958லிருந்து அதன் பெயர் ரவீந்திர சரோவர். ஏரியைக் கடந்து வடக்கே போனால் தமிழர்களுக்குப் பழக்கமான லேக் மார்க்கெட்.

ஏரிக்கு வடக்கே, லேக் டெரஸில் சரித்திர ஆசிரியர் ஜதுநாத் சர்க்கார் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1973ல் தொடங்கப்பட்ட சமூக அறிவியல் ஆய்வு மையம் பல ஆண்டுகள் அங்கேதான் இயங்கியது. மையம் சேகரித்த பழைய வங்காளப் பத்திரிகைகளும் நூல்களும் படச்சுருள்களாகவும் கணினிப் பிரதிகளாகவும் பாதுகாக்கப்படுகின்றன. பாஞ்சாலிக்கும் பந்தல் கடைப் பிரசுரத்துக்கும் எங்கிருந்து இத்தனை செல்வாக்கு வந்தது என்று அறிய, அந்தப் பழைய அச்சுலகத்துக்குத்தான் போக வேண்டும்.

1818ல் மட்டும் வங்க மாகாணத்தில் 839 பெண்கள் உடன்கட்டை ஏறியதாக அரசின் கணக்கு சொல்கிறது. அதே ஆண்டில் ராஜாராம் மோகன் ராய் வங்காளியில் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். உடன்கட்டையை ஆதரிப்பவர் ஒருவர், எதிர்ப்பவர் ஒருவர். இருவருக்கும் நடக்கும் உரையாடல். எதிராளியின் வாதத்தையும் அவரே எழுதி, சாஸ்திரத்துக்குச் சாஸ்திரத்தாலேயே பதில் சொன்னார். மறு ஆண்டே காசிநாத் தர்க்கவாகீசர் மறுப்பு எழுதினார். ராய் இரண்டாவது பிரசுரத்தோடு திரும்பி வந்தார்.

அவர் பாதிரிமாரையும் விடவில்லை. ஏசுவின் உபதேசங்களை மட்டும் தொகுத்து, அற்புதங்களை விலக்கி 1820ல் ஒரு நூல் வெளியிட்டார். செராம்பூர் மிஷனின் மார்ஷ்மேன் கண்டித்து எழுதினார். ராய் பதில் மேல் பதில் எழுத, மூன்றாவது பதிலை அச்சிட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மறுத்துவிட்டது. அவர் சளைக்கவில்லை, சொந்தமாக அச்சகம் வைத்து 1823ல் அதை வெளிக்கொண்டு வந்தார். அதே ஆண்டு, பத்திரிகை நடத்த அரசின் உரிமம் வேண்டும் என்று ஆணை பிறந்தது. அதை எதிர்த்து மனுச் செய்த ராய், தம்முடைய பாரசீக வார இதழை நிறுத்தியே காட்டினார்.

1829 டிசம்பர் 4ல் பெண்டிங்க் பிரபு உடன்கட்டையைத் தடை செய்தார். எதிர்ப்பாளர்கள் 1830ல் தர்ம சபை கூட்டி, லண்டன் வரை முறையிட்டார்கள். 1832ல் பிரிவி கவுன்சில் மனுவைத் தள்ளியது.

அடுத்த சுற்று 1855ல். விதவைகள் மறுமணம் செய்யலாம் என்று ஈஸ்வர சந்திர வித்யாசாகர் எழுதிய சிறு நூலின் 2,000 பிரதிகள் ஒரு வாரத்தில் தீர்ந்தன. கண்டனங்கள் மழையாகக் கொட்டின. எல்லாவற்றுக்கும் சேர்த்து, அவ்வாண்டே இரண்டாவது நூலில் பதில் சொன்னார். சட்டம் கேட்டு அவர் அனுப்பிய மனுவில் 987 கையெழுத்துகள். ராதாகாந்த தேவ் தலைமையில் போன எதிர்மனுவில் 36,000க்கும் மேல்! ஆனாலும் 1856 ஜூலையில் சட்டம் வந்தது. டிசம்பரில் கொல்கத்தாவில் அச்சட்டப்படி முதல் திருமணம் நடந்தது. சாந்திப்பூர் நெசவாளர்கள் வித்யாசாகரை வாழ்த்தும் பாட்டைச் சேலைக் கரையிலேயே நெய்து விற்றார்கள்.

தமிழர்களுக்கு இது அன்னியமான கதையல்ல. அதே காலத்தில் ஆறுமுக நாவலர் பாதிரிமாரை எதிர்த்தும், அவருடைய தரப்பும் வள்ளலார் தரப்பும் அருட்பா–மருட்பா என்றும் கண்டன நூல்களால் மோதிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தோ இதற்கெல்லாம் இருநூறு ஆண்டு மூத்தது. மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் போர் மூண்டபோது, மதமும் அரசியலும் ஒன்றாகக் கலந்த பிரசுரங்கள் லண்டனில் குவிந்தன. ஜார்ஜ் தாமசன் என்ற புத்தக வியாபாரி 1640 முதல் 1661 வரை கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். தாம் எந்தக் கட்சி என்று பார்க்காமல், பலவற்றின் மேல் கைக்கு வந்த தேதியையும் குறித்து வைத்தார். சுமார் 22,000 உருப்படிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரை எழுதும் எவரும் அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடியாது.

கொல்கத்தாவுக்கும் ஒரு தாமசன் வாய்த்தார். லேக் கார்டன்ஸிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அலிப்பூரில் தேசிய நூலகம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அங்கே சிற்றிதழ்கள் கழித்துக்கட்டுவதற்காகக் குவிக்கப்பட்டிருந்ததைச் சந்தீப் தத்தா என்ற இளைஞர் பார்த்தார். மனம் பொறுக்காத அவர், காலேஜ் ஸ்ட்ரீட் அருகே டேமர் லேனில் உள்ள தம் வீட்டிலேயே 1978ல் சிற்றிதழ் நூலகம் ஒன்றைத் திறந்தார். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தபடி, 2023ல் மறையும் வரை அதைக் கட்டிக் காத்தார்.

தாமசன் இல்லாத தாள்களின் கதி வேறு. நக்சல்பாரி இயக்கத்தின் 'தேசபிரதி' 1970ல் போலீஸ் நடவடிக்கைக்கு உள்ளாகித் தலைமறைவாக அச்சாகத் தொடங்கிய காலத்தில், அந்த வகைத் தாளை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. அப்படி அழிந்தவற்றோடு எத்தனையோ வாதங்களும் அழிந்தன. ராயின் பிரசுரம் இருந்து, காசிநாதரின் மறுப்பு தொலைந்திருந்தால், ராய் எதை எதிர்த்து வென்றார் என்பது பாதிதான் தெரிந்திருக்கும். தோற்றவர்களின் தாளையும் சேர்த்து வைத்தால்தான் வென்றவர்களின் துணிச்சல் எவ்வளவு என்பது புரியும்.

தசமி கழிந்த மறுநாள் பந்தல் பிரிக்கப்படுகிறது. சிவப்புத் துணி மடிக்கப்படுகிறது. விற்காத பிரசுரங்கள் கட்டப்பட்டுக் கட்சி அலுவலகத்துக்குப் போகின்றன. கூட்டத்தில் கைமாறிய துண்டுத் தாள்கள் காலில் மிதிபட்டு, பெருக்குபவரின் கூடையில் சேர்கின்றன. வியாழக்கிழமை வந்ததும் தசகர்மா பண்டாரில் புதிய பாஞ்சாலிக் கட்டு பிரிக்கப்படும்.