பதினெட்டு வயசு ஆனா டாக்டர் மாறிடுவாரா?

அக்கவுண்டன்சியில முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கற விஷயம் இது. மார்ச் 31 அன்னைக்கு இறுதி இருப்பு எதுவோ, அதுதான் ஏப்ரல் 1 அன்னைக்குத் தொடக்க இருப்பு. நடுவுல ஒரு ரூபாய் காணாம போனாலும் எங்கே போச்சுன்னு உக்காந்து தேடணும். (பி.காம். படிக்கறவங்களுக்கு இந்த வலி தெரியும் :-))

ஒரு மனுஷனோட 18 வருஷக் கணக்கு ஒரே நாள்ல காணாம போனதைப் போன வருஷம் பார்த்தேன். அதைத்தான் எழுதப் போறேன்.

என் சித்தி பையன், எனக்குத் தம்பி. பேர் போட வேண்டாம்னு அவனே சொல்லிட்டான். பிறந்ததுல இருந்து அவனுக்கு மூளை முடக்குவாதம், அதாவது செரிப்ரல் பால்சி. ரெண்டு காலும் இறுக்கமா இருக்கும், வாக்கர் பிடிச்சு நடப்பான். பேச்சு குழறும். ஆனா புத்தி ரொம்பத் தெளிவு. கிரிக்கெட் ஸ்கோர் விஷயத்துல என்னால அவனை ஜெயிக்கவே முடியாது. ஆரணியில எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி அவங்க வீடு. சித்தப்பா பட்டுத் தறியில உக்காருவார், சித்தி தார் சுத்துவாங்க. நெஞ்சாத்தான் கூலி. ஆஸ்பத்திரிக்குப் போற நாள்ல ரெண்டு பேருக்கும் அன்னைக்கு வருமானம் இல்லை.

சின்ன வயசுல இருந்து ஒரே குழந்தை டாக்டர்தான் பார்த்தார். வலிப்பு, கால் இறுக்கம், மலச்சிக்கல் எல்லாத்துக்கும் அவர்தான். எந்த மருந்து ஒத்துக்கலை, எப்போ அளவை ஏத்தினாங்க, எல்லாம் அவருக்கும் சித்திக்கும் மனப்பாடம். தம்பிக்கு 18 முடிஞ்சதும், "இனிமே பெரியவங்க ஓ.பி.க்குப் போங்கம்மா"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கையில ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

பெரியவங்க ஓ.பி.யில ஒரே டாக்டர் எல்லாம் பார்க்கறதில்லை. வலிப்புக்கு நரம்பியல், இடுப்புக்கு எலும்பு டாக்டர், வயித்துக்கு வேற ஒருத்தர். மூணு வரிசை. முதல் டாக்டர் கேட்டார், "கடைசியா எப்போ வலிப்பு வந்துச்சு? முன்னாடி என்னென்ன மருந்து குடுத்தாங்க?" சித்தி ஒரு துணிக்கடைப் பையில பழைய சீட்டெல்லாம் திணிச்சு எடுத்துட்டு வந்திருந்தாங்க. பதட்டத்துல எதுவுமே சொல்ல வரலை. எல்லாத்தையும் மேஜை மேல கொட்டிட்டு அழுதுட்டாங்க. அந்த டாக்டர் மேல தப்பில்லை, வெளியே அத்தனை பேர் நிக்கறாங்க. ஆனா ஒண்ணு உறுத்துச்சு. எல்லாக் கேள்வியையும் அவர் சித்தியைப் பார்த்துதான் கேட்டார். தம்பி பக்கத்துலயே உக்காந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். இது எங்க வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லைன்னு அப்பதான் புரிஞ்சுது. நம்ம நாட்டுல குழந்தைகளைப் பரிசோதிக்க 2013ல வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டமே பிறப்புல இருந்து 18 வயசு வரைக்கும்தான். நோய்க்கு அந்த வயசுக் கணக்கு தெரியாதே! செரிப்ரல் பால்சி இருக்கறவங்களுக்கு மூளையில ஏற்பட்ட பாதிப்பு கூடாது. ஆனா வயசாக ஆக மூட்டு சீக்கிரமே தேயும், வலி, அசதி கூடும். சின்ன வயசுல நடந்தவங்க சிலர் பெரியவங்களானதும் நடக்க முடியாம போறதும் உண்டு. அதாவது டாக்டர் கைவிட்டுப் போற நேரத்துலதான் புதுப் பிரச்சினைகள் ஆரம்பிக்குது.

இங்கிலாந்துல நைஸ் அமைப்பு 2016ல இதுக்குன்னே ஒரு வழிகாட்டுதல் போட்டிருக்கு. 13, 14 வயசுலயே பேச்சை ஆரம்பிக்கணும், பொறுப்பா ஒரு ஆளை நியமிக்கணும், பெரியவங்க பிரிவு டாக்டரை மாறறதுக்கு முன்னாடியே ஒரு தடவை சந்திக்க வைக்கணும்னு சொல்லுது. நம்ம பக்கமும் முன்னோடிகள் இல்லாம இல்லை. 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கற வேலூர் சி.எம்.சி.யில டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல விபத்துல கால்கள் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில உக்காந்தே அறுவை சிகிச்சை செஞ்சாங்க. அவங்க முயற்சியால 1966ல அங்கே மறுவாழ்வு மையம் வந்துச்சு. மறுவாழ்வு மருத்துவம்னு தனித் துறையே இருக்குன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. தம்பி மாதிரி ஆட்களை முழுசாப் பார்க்கறது அவங்கதான்.

அப்புறம் நானும் தம்பியும் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து அந்தப் பையைப் பிரிச்சோம். சித்தி தார் சுத்திக்கிட்டே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என்ன நோய், இப்போ என்ன மருந்து எவ்வளவு, எது ஒத்துக்கலை, என்ன ஆபரேஷன் எந்த வருஷம், வலிப்பு வந்தா என்ன செய்யணும், என்னென்ன அவனே செய்வான், எதுக்கு உதவி வேணும். மொத்தம் ரெண்டு பக்கம். அதுதான் அவனோட தொடக்க இருப்பு.

கடைசியில "டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது"ன்னு தலைப்பு போட்டு, "இதை நீயே சொல்லு"ன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "இடுப்பு வலிக்குதுண்ணா. ஒரு வருஷமா"ன்னான்.

சித்தி கை நின்னுடுச்சு. "ஏன்டா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ என்னைக் கூட்டிட்டுப் போவே. அன்னைக்கும் கூலி போயிடும்."

18 வருஷமா அவனைப் பத்தி எல்லாம் தெரிஞ்ச சித்திக்கே தெரியாத ஒண்ணு. யாராவது அவனைப் பார்த்துக் கேட்டிருந்தா முன்னாடியே வந்திருக்கும்.

அடுத்த தடவை அவனே பேசினான். மெதுவாத்தான் வந்துச்சு வார்த்தை. டாக்டர் காத்திருந்து கேட்டார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இடுப்பு மூட்டு கொஞ்சம் விலகியிருக்கு. இப்போ பிசியோதெரபி நடக்குது. ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு முடிவாகலை. வேணும்னா கையெழுத்து அவன்தான் போடணும். சிலர் "கார்டியன் வாங்கிடுங்க"ன்னு சொன்னாங்க. 1999ல வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல அதுக்கு வழி இருக்கு, சிலருக்கு அது அவசியமும்கூட. ஆனா தன் முடிவைத் தானே எடுக்கத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு? மாற்றுத்திறனாளிகளுக்கும் மத்தவங்களுக்குச் சமமா சட்டத் தகுதி உண்டுன்னு 2016 சட்டம் சொல்லுது.

உங்க வீட்லயோ தெருவிலயோ இப்படி ஒரு பிள்ளை இருந்தா, 18 ஆகற வரைக்கும் காத்திருக்காதீங்க. பழைய டாக்டர்கிட்ட ஒரு சுருக்கக் குறிப்பு எழுதி வாங்குங்க. தற்காலிக ஊனச் சான்றுன்னா புதுப்பிக்கற தேதியைப் பாருங்க. அலையறது கஷ்டம்னா, 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி, அந்தப் பிள்ளைகிட்ட நேரா ஒரு கேள்வி கேளுங்க.

இதைத் தம்பிக்குப் படிச்சுக் காட்டினேன். எல்லாம் சரிதானாம். "கிரிக்கெட்ல என்னை ஜெயிக்க முடியாதுன்னு ஒத்துக்கிட்டியே, அது போதும்"னான்.