உளி வேண்டாத மூடி

நுழையும்முன்

அன்றாடம் நம் கையில் புழங்கும் சிறு பொருள்களுக்குள்ளும் பெரிய சிந்தனைகள் அடங்கியிருக்கின்றன. குளிர்பான டின்னைத் திறக்க இன்று ஒரு விரல் போதும். அந்த ஒரு விரல் அசைவுக்குப் பின்னால் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்கால முயற்சி இருக்கிறது. ஒரு பொருளை வலிமையாகச் செய்வது ஒரு திறம். அது எந்த இடத்தில், எந்த அளவுக்கு இணங்கிக் கொடுக்க வேண்டும் என்று திட்டமிடுவது அதனினும் அரிய திறம். அத்திறம் யாருடைய கையை நினைத்து வளர்ந்தது, யாருடைய கையை மறந்தது என்பதைச் செங்கல்பட்டு மாவட்டத்தின் இரண்டு ஊர்களில் நின்று எண்ணிப்பார்க்கிறது இக்கட்டுரை.

உளியின் ஊரில்

மாமல்லபுரத்தில் உளியோசை ஓய்வதில்லை. பல்லவர் காலத்துப் பாறைகள் அமைதியாக நிற்க, அவற்றைச் சூழ்ந்த தெருக்களில் இன்றைய சிற்பிகளின் கைகள் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. 1957ஆம் ஆண்டில் இவ்வூரில் தொடங்கப்பெற்ற சிற்பப் பயிற்சி நிலையம், இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது.

நண்பகல் வெயிலில் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கீற்றுக் கொட்டகையின் நிழலில் ஒரு சிற்பி அமர்கிறார் என்று கொள்வோம். அவர் கையில் ஒரு குளிர்பான டின். சுட்டுவிரலை வளையத்தின் அடியில் செலுத்தி மேலே தூக்குகிறார். 'புஸ்' என்ற ஓசையுடன் மூடி திறக்கிறது. அரை நொடியில் முடிந்துவிட்ட அச்செயலை அவர் பொருட்படுத்துவதில்லை. ஆனால், அவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருந்தால், தகர டப்பா ஒன்றைத் திறக்க அவர் கீழே வைத்த அதே உளியை மீண்டும் எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

பூட்டு முந்தியது, சாவி பிந்தியது

உணவைக் காற்றுப் புகாமல் அடைத்துச் சூடாக்கினால் நெடுநாள் கெடாது என்பதைக் கண்டறிந்தவர் பிரான்சு நாட்டின் நிக்கோலா அப்பேர். படைவீரர்களுக்கு உணவு கெடாமல் சென்று சேர வேண்டும் என்ற தேவையால், பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. அவர் கையாண்டது கண்ணாடிக் குப்பி. அதே 1810ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் உலோகக் கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டால் ஆன டப்பாக்களைப் பிரையன் டான்கின் என்பவர் 1813ஆம் ஆண்டளவில் லண்டனில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கினார்.

அந்த டப்பாக்கள் தடித்தவை, கனத்தவை. கப்பல் பயணத்தின் அலைப்பையும் கிடங்கின் ஈரத்தையும் தாங்கும் வண்ணம் அமைக்கப்பட்டவை. உணவைக் காப்பதில் அவை முழு வெற்றி பெற்றன. உணவை எப்படி வெளியே எடுப்பது என்பதைத்தான் எவரும் ஆழ்ந்து எண்ணவில்லை. 1824ஆம் ஆண்டில் வடதுருவக் கடலுக்குச் சென்ற ஆய்வுக் கப்பலில் ஏற்றப்பட்ட இறைச்சி டப்பாவின்மீது, உளியும் சுத்தியலும் கொண்டு மேல்விளிம்பைச் சுற்றி வெட்டுமாறு குறிப்பு எழுதப்பட்டிருந்தது.

டப்பாவைத் திறப்பதற்கென்றே ஒரு கருவி தோன்ற 1855ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் இராபர்ட் யேட்ஸ் அதனைச் செய்தார். அமெரிக்காவின் எஸ்ரா வார்னர் 1858இல் மற்றொன்றை உருவாக்கினார். பூட்டைச் செய்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு சாவியைச் செய்த கதை இது.

நம் வீடுகளிலும் கடைகளிலும் இக்கதையின் எச்சங்கள் இருந்தன. மளிகைக் கடைக்காரர் எண்ணெய் டின்னின் மேல்தகட்டில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளைகளை ஆணியால் இடுவார். ஒன்று எண்ணெய் வெளிவர; மற்றொன்று காற்று உட்புக. இரண்டாம் துளை இல்லையேல் எண்ணெய் திக்கித் திணறியே வரும். பால்மாவு டப்பாவின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் தூக்கிய தாய்மாரும் நெம்புகோல் தத்துவத்தையே கையாண்டனர். திறப்பது எப்போதும் பயன்படுத்துவோரின் பொறுப்பாகவே இருந்தது. அப்பொறுப்பை மூடியிடமே ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் பிற்காலத்தில்தான் வலுப்பெற்றது.

உடைய வேண்டிய இடத்தில் உடைதல்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த எர்மல் ஃபிரேஸ் என்னும் பொறியாளர் 1959ஆம் ஆண்டில் குடும்பத்துடன் சிற்றுலா சென்றார். பான டின்கள் இருந்தன. திறக்கும் கருவியை வீட்டிலேயே விட்டுவந்திருந்தார். தம் காரின் முன்தடுப்பில் அழுத்தி அவற்றைத் திறக்க நேர்ந்தது. அந்த இடர்ப்பாடே அவரைச் சிந்திக்க வைத்தது.

மூடியில் ஒரு வளையத்தைப் பொருத்த வேண்டும்; அதற்காக மூடியைத் துளைத்தால் பானம் கசியும்; வளிமமும் வெளியேறும். துளைக்காமல் பொருத்துவது எப்படி? மூடித் தகட்டின் ஒரு பகுதியையே சிறு குமிழாக மேலெழச் செய்து, அதில் வளையத்தைக் கோத்து, குமிழின் தலையை நசுக்கித் தறையாணி ஆக்கினார் ஃபிரேஸ். ஆணியும் மூடியும் ஒரே உலோகம்; இடையில் துளை இல்லை. இவ்வகை மூடிகள் 1960களின் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்தன.

வளையத்தினும் நுட்பமானது மூடியின்மேல் தெரியும் மெல்லிய கீறல் கோடு. மூடியின் தகடு ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் தடிமனே உடையது. கோடு செல்லும் இடத்தில் எஞ்சும் தடிமன் ஏறத்தாழ அதிற்பாதி. கோடு ஆழம் குறைந்தால் விரலுக்கு அடங்காது. ஆழம் மிகுந்தால் வண்டியின் குலுக்கலிலேயே வெடித்துவிடும். வெயில் பட்ட சோடா டின்னின் உள்ளழுத்தம் கார்ச் சக்கரத்தின் காற்றழுத்தத்தையும் விஞ்சக்கூடியது. அவ்வழுத்தத்தைத் தாங்கி நின்று, ஒரு சிறுவனின் விரலுக்கு மட்டும் இணங்க வேண்டும் அந்தக் கோடு.

இந்நுட்பம் மாமல்லபுரத்துக் கல்தச்சருக்குப் புதிதன்று. பெரும்பாறையைப் பிளக்க விரும்புவோர் அதன்மீது கண்டபடி அடிப்பதில்லை. பிளக்க வேண்டிய நேர்கோட்டில் சிறு குழிகளை வரிசையாக வெட்டி, அவற்றில் இரும்பு ஆப்புகளை இறக்கி, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித் தட்டுவர். பாறை அந்த வரிசையின் வழியே பிளந்துகொடுக்கும். இங்குள்ள முற்றுப்பெறாத குடைவரைகளில் வேறொரு முறையையும் காணலாம். பாறை முகப்பைக் கட்டம் கட்டமாக ஆழக் கீறி, இடையில் எஞ்சிய சதுரத் துண்டுகளை உடைத்து அகற்றியுள்ளனர். தேனடை போன்ற அந்தத் தடங்கள் இன்றும் அழியாமல் இருக்கின்றன. கருங்கல்லாயினும் அலுமினியத் தகடாயினும், எங்கே உடைய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பவரே கைவினைஞர்.

நெம்புகோலின் இரு வேடங்கள்

வளையத்தைத் தூக்கும் அந்த அரை நொடியில் இரண்டு செயல்கள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. முதலில் வளையத்தின் முனை மூடியின்மேல் ஊன்றி ஆதாரப்புள்ளி ஆகிறது. விரல் மறுமுனையைத் தூக்குகிறது. நடுவிலுள்ள தறையாணி மேலே இழுபடுகிறது. பளு நடுவில் அமைவதால் இது பாக்குவெட்டியைப் போன்ற இரண்டாம் வகை நெம்புகோல். தறையாணியை ஒட்டிய கோடு சிறிதளவு கிழிந்து வளிமம் வெளியேறுகிறது. நாம் கேட்கும் 'புஸ்' ஓசை அதுவே.

உள்ளழுத்தம் தணிந்ததும் நெம்புகோல் வேடம் மாறுகிறது. இப்போது தறையாணி ஆதாரப்புள்ளி ஆகிறது. விரல் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை மூடியின் நாக்குப் பகுதியை உள்ளே அழுத்துகிறது. கிணற்று ஏற்றத்தைப் போன்ற முதல் வகை நெம்புகோல் இது. அழுத்தம் தணியும் முன்னரே நாக்கை உள்ளே தள்ள முயன்றால் விரலின் விசை போதாது. முதலில் அழுத்தத்தைத் தணித்து, அதன்பின் திறக்கும் இவ்வொழுங்கு வளையத்தின் வடிவத்திலேயே அமைந்துள்ளது.

தெரிந்து தெளிவோம்

மூடி கலத்தைவிட்டு நீங்காமலே திறக்கும் முறை நம் தெருக்களுக்குப் பழக்கமானது. கோலி சோடாப் புட்டியை வடிவமைத்தவர் இங்கிலாந்தின் ஹிராம் காட். அவர் 1870களில் அதற்குக் காப்புரிமை பெற்றார். உள்ளிருக்கும் வளிமத்தின் அழுத்தமே கோலிக்குண்டைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் அழுத்தி மூடுகிறது. விரலால் அழுத்தினால் குண்டு உள்ளிறங்கும்; புட்டியைவிட்டு ஒருபோதும் வெளியேறாது.

கிழிந்த துண்டு எங்கே போகிறது?

ஃபிரேஸின் மூடி ஒரு சிக்கலைத் தீர்த்து மற்றொரு சிக்கலைத் தோற்றுவித்தது. வளையத்தை இழுத்தால் அது கிழிந்த நாக்குடன் தனியே கையோடு வந்துவிடும். குடிப்பவர் அதைக் காலடியில் எறிந்தார். அமெரிக்கக் கடற்கரைகளிலும் பூங்காக்களிலும் கூரிய வளையங்கள் குவிந்தன. வெறுங்காலில் நடந்தோரின் பாதங்களைக் கீறின. எறிய மனமில்லாதவர் சிலர் அதை டின்னுக்குள்ளேயே போட்டுவிட்டுப் பருகினர். தவறி விழுங்கியோரும் உண்டு.

ஒருவர் கைக்கு எளிதான பொருள் மற்றொருவர் காலுக்கு முள்ளாயிற்று. இதற்குத் தீர்வு கண்டவர் ரெனால்ட்ஸ் உலோக நிறுவனத்தின் டேனியல் கட்ஜிக். 1975ஆம் ஆண்டில் அவர் வடிவமைத்த மூடியில் கீறல் கோடு முழுச்சுற்றாக அமையவில்லை. ஒரு பக்கம் சிறிதளவு கீறப்படாமல் விடப்பட்டது. அவ்விடமே கீல் ஆகி, நாக்கு உள்ளே மடிந்து தொங்கியது. வளையமும் மூடியிலேயே தங்கியது. இன்று நாம் காணும் குளிர்பான டின் பெரும்பாலும் இவ்வகையே.

இம்மாற்றத்தின் மதிப்பை மாமல்லபுரத்துக் கடற்கரையில் நின்று உணரலாம். இங்கே கரைவலை இழுப்போர் வெறுங்காலை மணலில் ஊன்றியே இழுக்கின்றனர். ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுவதும் இம்மணலிலேயே. வடக்கே சில கல் தொலைவிலுள்ள கோவளம் கடற்கரை, 2021ஆம் ஆண்டில் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்றைப் பெற்றது. ஒரு சிறு வளையம் கழன்று விழாதிருப்பது, இக்கரையில் நடக்கும் ஒவ்வொரு காலுக்கும் காட்டும் மரியாதை. எனினும், முழு டின்னையும் மணலில் வீசிச் செல்பவரைத் திருத்த எந்த வடிவமைப்பாளராலும் இயலாது. பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்த, அதைத் தாதுவிலிருந்து புதிதாகப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே போதும். வீசப்படும் ஒவ்வொரு டின்னுடனும் அந்தச் சேமிப்பும் வீசப்படுகிறது.

உணராத விரல்கள்

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே மேற்கே சென்றால் செங்கல்பட்டு. அதை அடுத்த திருமணியில் 1955ஆம் ஆண்டுமுதல் இயங்கிவருகிறது, மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். எளிதில் திறக்கும் மூடி உண்மையிலேயே எளிதா என்ற வினாவை இங்கே எழுப்பிப் பார்க்க வேண்டும்.

தொழுநோய் நரம்புகளைத் தாக்குகிறது. கூட்டு மருந்துச் சிகிச்சையால் இந்நோய் முற்றிலும் குணமாகக்கூடியது. உலக நலவாழ்வு நிறுவனம் 1981ஆம் ஆண்டில் அம்முறையைப் பரிந்துரைத்தது. ஆயினும், சிகிச்சைக்கு முன்பே பழுதுபட்ட நரம்புகள் முழுமையாக மீள்வது அரிது. அத்தகையோரின் விரல்கள் உள்நோக்கி மடங்கியிருக்கலாம். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பற்றும் ஆற்றல் குன்றியிருக்கலாம். விரல்நுனி சூட்டையோ வெட்டையோ உணராமற்போகலாம்.

அந்தக் கையில் ஒரு டின்னைக் கொடுத்துப் பாருங்கள். வளையத்தின் அடியில் நகத்தைச் செலுத்த இயலாது. முழுமூடியும் கழன்று வரும் உணவு டப்பாவாயின், விளிம்பின் கூர்மை விரலை வெட்டினாலும் வலிக்காது. வலி என்பது உடலின் காவலன். காவலன் இல்லாத கையில் சிறு கீறல் பெரும்புண் ஆகிறது. கருவி வேண்டாத மூடிக்காக அவர் மீண்டும் ஒரு கருவியைத் தேட வேண்டும். வளையத்தின் அடியில் கரண்டிக் காம்பைச் செலுத்தி நெம்புவதே அவருக்குப் பாதுகாப்பான வழி. மூட்டுவலியால் பிடி தளர்ந்த பாட்டிக்கும் அதுவே வழி.

ஆகவே, வடிவமைப்பாளரின் பணி முடிந்துவிடவில்லை. விரல் நுழைய இடம்விட்டு மூடியில் பள்ளம் அமைத்தல், விளிம்பை மடித்துக் கூர்மையை மறைத்தல், தகட்டுக்கு மாற்றாக உரித்தெடுக்கும் மெல்லிய படலத்தை ஒட்டுதல் எனப் பல முயற்சிகள் தொடர்கின்றன. ஜப்பானில் மதுபான டின்களின் மூடியில் பிரெயில் எழுத்துகள் பொறிக்கப்படுகின்றன. பார்வையற்றோர் அவற்றைப் பழச்சாறு என எண்ணி ஏமாறாதிருக்க அது உதவுகிறது. நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொருள்களும் சேவைகளும் இயன்றவரை அனைவரும் பயன்படுத்தத்தக்கவாறு அமைக்கப்படுவதையே அனைவர்க்குமான வடிவமைப்பு என வரையறுக்கிறது.

இரு கைகள்

மாமல்லபுரத்துச் சிற்பியின் கை காய்ப்பேறியது. பாறையையும் பிளக்க வல்லது. திருமணியில் சிகிச்சை பெறுபவரின் கை ஒரு வளையத்தையும் தூக்க இயலாதது. ஒரே மூடி இவ்விரு கைகளுக்கும் செல்கிறது. சிற்பியின் கையை மட்டும் நினைத்துச் செய்தால் அது பாதி வேலை. தளர்ந்த கையும் திறக்கும்படி அமைத்தால், அதனை வலிய கையும் திறக்கும். முதல் டப்பாவைச் செய்தவர்கள் உணவை நினைத்தார்கள்; ஃபிரேஸ் கையை நினைத்தார்; கட்ஜிக் பிறர் காலையும் நினைத்தார். உணராத விரலை நினைக்கப்போகும் அடுத்தவர், இன்று ஏதோ ஒரு வகுப்பறையில் அமர்ந்திருக்கலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள மூடிகளில் ஐந்தினைத் தேர்ந்து, அவை ஒவ்வொன்றும் எவ்வகை விசையால் திறக்கின்றன என அட்டவணைப்படுத்துக.

2. வீட்டிலுள்ள முதியோர் திறக்க இடர்ப்படும் பொருள் ஒன்றைக் கேட்டறிந்து, அதற்கு ஏற்ற மாற்று வடிவத்தை வரைந்து விளக்குக.

3. 'ஒருவரின் எளிமை மற்றொருவரின் இடர் ஆகலாம்' என்னும் கருத்தை உங்கள் ஊர்ச் சூழலிலிருந்து சான்று காட்டி வகுப்பறையில் கலந்துரையாடுக.