இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு கோடு

நடுவில் ஒரு கார்பன், சுற்றி நான்கு ஹைட்ரஜன், இடையில் நான்கு சின்னக் கோடுகள். மீத்தேன் படம் போடத் தெரியாத அறிவியல் மாணவர் இருக்க முடியாது. ஒரு கோடு விட்டுப்போனால் மதிப்பெண் போய்விடும். ஆனால் அந்தக் கோட்டை முதலில் போட்டவர் யார் என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை!

அந்தக் கோடு அவ்வளவு முக்கியமா? ஒரு சின்னக் கணக்கு. இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனை ஒரு கார்பனுக்கும் ஒரு ஹைட்ரஜனுக்கும் நடுவில் வைத்தால் எத்தனால். 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். அதே ஆக்சிஜனை இரண்டு கார்பன்களுக்கும் நடுவில் வைத்தால் டைமெத்தில் ஈதர். மைனஸ் 24 டிகிரியிலேயே கொதித்துவிடும், அறை வெப்பநிலையில் வெறும் வாயு. அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான். எது எதோடு கைகோத்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைக் காட்டுவது கோடு மட்டுமே.

1858க்கு முன் வேதியியலாளர்களிடம் இந்த வசதி இல்லை. ஒரு சேர்மத்தில் எந்த அணு எத்தனை என்று அளந்துவிடுவார்கள். உள்ளே அவை எப்படி அமர்ந்திருக்கின்றன என்பதை அறியவே முடியாது என்று சொன்னவர்களும் உண்டு.

அப்போது பாரிசில் உர்ட்ஸ் என்பவரின் ஆய்வகத்தில் ஓர் இளைஞர் வேலை செய்துகொண்டிருந்தார். (உர்ட்ஸ் வினை என்று படிக்கிறோமே, அதே உர்ட்ஸ்தான்.) இளைஞரின் பெயர் ஆர்ச்சிபால்ட் ஸ்காட் கூப்பர். 1831ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். முதலில் படித்தது தத்துவமும் மொழிகளும். வேதியியலுக்கு வந்ததே தாமதமாகத்தான். அவர் இரண்டு விஷயங்களைச் சொன்னார். கார்பனின் இணைதிறன் நான்கு. கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று சங்கிலியாகவும் சேரும். இதைக் காட்ட, கரிமச் சேர்மங்களின் வாய்ப்பாடுகளில் அணுக்களுக்கு இடையே கோடு போட்டார்.

கட்டுரை எழுதி உர்ட்ஸிடம் கொடுத்தார், பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் சமர்ப்பிக்கச் சொல்லி. உர்ட்ஸ் அப்போது அகாடமி உறுப்பினர் இல்லை. உறுப்பினர் ஒருவரைப் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். நாட்கள் ஓடின. 1858 மே மாதம் ஜெர்மனியில் கெக்குலேயின் கட்டுரை வெளியாகிவிட்டது. அதே நான்கு இணைதிறன், அதே கார்பன் சங்கிலி! கூப்பரின் கட்டுரை அகாடமியில் படிக்கப்பட்டது ஜூன் 14ல். சில வாரங்கள்தான் வித்தியாசம்.

கூப்பர் கோபத்தில் உர்ட்ஸிடம் சண்டை போட்டார். ஆய்வகத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எடின்பரோவில் உதவியாளர் வேலை கிடைத்தது, ஆனால் 1859ல் மனநலம் முற்றிலும் குலைந்தது. அதன்பின் ஆராய்ச்சியே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சொந்த ஊரில், தாயின் பராமரிப்பில் வாழ்ந்து 1892ல் இறந்துபோனார். வெளியுலகில் அவரை யாருக்கும் நினைவில்லை.

இதில் இன்னொரு வேதனை. சாலிசிலிக் அமிலத்தோடு பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு சேர்த்து ஒரு சேர்மம் செய்ததாகக் கூப்பர் எழுதியிருந்தார். கெக்குலே உட்பட மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது வரவில்லை. ஆள் சொன்னது தப்பு என்றே ஆகிவிட்டது. 1885ல் ரிச்சர்ட் அன்ஷூட்ஸ் பொறுமையாக அதே சோதனையைத் திரும்பச் செய்தார். சேர்மம் வந்தது. கூப்பர் சொன்னது சரி!

இந்த அன்ஷூட்ஸ் யார் தெரியுமா? கெக்குலேயின் மாணவர், அவருக்குப் பின் அதே பதவிக்கு வந்தவர், அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். குருவின் புகழில் பங்கு போய்விடுமே என்று அவர் பார்க்கவில்லை. கூப்பர் யார், என்ன ஆனார் என்று ஸ்காட்லாந்து வரை விசாரித்து, 1909ல் அவர் கதையை வெளியிட்டார். இன்று நமக்குக் கூப்பரைத் தெரிவதே அவரால்தான்.

கூப்பர் கோடு போட்ட காலத்தில் எலக்ட்ரான் என்ற ஒன்றே யாருக்கும் தெரியாது. அது கண்டறியப்பட்டது 1897ல். அந்தக் கோடு என்பது இரண்டு அணுக்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு ஜோடி எலக்ட்ரான்கள் என்று லூயிஸ் சொன்னது 1916ல். அர்த்தம் தெரிய 58 ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பே கோடு சரியாக இருந்தது.

புத்தகத்தில் கெக்குலே பெயர் இருக்கிறது, உர்ட்ஸ் பெயர் இருக்கிறது, லூயிஸ் பெயர் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் கூப்பரின் கோடு இருக்கிறது. பெயரையும் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டால் என்ன?