வெட்டிய பத்தி எங்கே போனது?

கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல் பத்திரிகை ஆபீஸே கிடையாது என்பார்கள் பழைய உதவி ஆசிரியர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த 2003-ல் அந்தக் கத்தரிக்கோல் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டிருந்தது. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு மொழிபெயர்க்க வந்த எனக்கு இருபது வருடப் பிழைப்பே வெட்டுவதும் ஒட்டுவதும்தான். வெட்டியது, ஒட்டும்வரை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டதில்லை. கேட்க வைத்தவர் அப்பா.

அப்பா 1960-களில் பம்பாய்க்கு வந்தவர். ரிடையரான பின் தமிழ்த் தட்டச்சு பழகி, செம்பூர் வீட்டுக் கம்ப்யூட்டரில் தன் கதையை நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தார். அவர் போய் ஒரு வருடம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், அதைச் சின்னப் புத்தகமாக்க உட்கார்ந்தேன். பழைய கம்ப்யூட்டர், அண்ணன் மகன் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். அப்பாவும் அம்மாவும் மாதுங்காவில் குடித்தனம் ஆரம்பித்த அறையைப் பற்றிய பத்தி இடம் மாறிக் கிடந்தது. வெட்டினேன். கோப்பைச் சேமித்து மூடினேன். வேறொரு மென்பொருளைத் திறந்து ஒட்டினேன். ஒன்றும் வரவில்லை. வேறு பிரதியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த அண்ணன் மகன் பார்த்துவிட்டு, “அத்தை, நீங்க வெட்டினது எங்கேயும் போய் உட்காரவே இல்லை” என்றான்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஜன்னல்களைத் திரையில் காட்டுவது ‘எக்ஸ் விண்டோ’ என்ற அமைப்பு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1984-ல் பிறந்தது. 11-வது பதிப்பு 1987-ல் வந்தது. வெட்டியதை வைக்க அதில் ‘கட் பஃபர்’ என்று 0 முதல் 7 வரை எண் போட்ட எட்டு அறைகள் உண்டு. அங்கே வைத்துவிட்டால், வைத்த மென்பொருளை மூடினாலும் வரி அப்படியே இருக்கும். பார்சலை பில்டிங் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

பின்னால் வந்த ‘செலக்‌ஷன்’ முறை வேறு. வெட்டிய மென்பொருள் யாரிடமும் எதையும் கொடுப்பதில்லை. ‘சரக்கு என்னிடம் இருக்கிறது’ என்று அறிவிப்பதோடு சரி. ஒட்டப்போகிற மென்பொருள், ‘எந்தெந்த வடிவத்தில் தருவாய்?’ என்று விசாரிக்கும். கேட்ட வடிவத்தில் அப்போதுதான் கைமாறும். அதற்குள் வைத்திருப்பவர் கிளம்பிவிட்டால் சரக்கும் போச்சு. இதைத் தடுக்க, முன்கூட்டியே வாங்கிப் பத்திரப்படுத்தும் ‘கிளிப்போர்டு மேனேஜர்’ என்ற துணை மென்பொருள் உண்டு. எங்கள் கம்ப்யூட்டரில் அது இல்லை.

“பழைய முறையே தேவலை போலிருக்கே?” என்றேன்.

“அந்த எட்டு அறையும் மேற்கு ஐரோப்பிய எழுத்துக்காக அமைச்சது, அத்தை. யூனிகோட் தமிழுக்கு அங்கே இடமில்லை.”

பத்திரமான அறையில் தமிழுக்கு இடமில்லை. தமிழ் போகிற வழியில் பத்திரமில்லை. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

வெட்டு, ஒட்டு என்ற இந்தக் கட்டளைகளை 1970-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்கள் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும். ஒரு பாடநூல் பதிப்பகத்தின் எடிட்டர்களுக்காகச் செய்த ‘ஜிப்சி’ என்ற மென்பொருளில் அவை வந்தன. டெஸ்லர் 2020-ல் காலமானார். அவர்கள் பார்த்துப் பழகிய காகிதத் துண்டு மேஜைக்கடியிலாவது கிடக்கும். தேடினால் கிடைக்கும்.

அன்று இரவு அம்மாவிடம் அந்த அறையைப் பற்றிக் கேட்டேன். அப்பாவின் பத்தியில் ஒரு ஜன்னலும் விடியற்கால ரயில் சத்தமும் இருந்ததாக எனக்கு ஞாபகம்.

“ஜன்னலா? அந்த அறைக்கு ஏது ஜன்னல்!” என்றாள் அம்மா. “மழை பெய்தா அடுப்பை எங்கே தள்ளி வைக்கிறதுன்னு தெரியாது. அவர் வேலைக்குப் போயிடுவார். சத்தமெல்லாம் நான்தான் கேட்டுட்டு இருந்தேன்.”

அம்மா சொன்னதை அம்மா சொன்னதாகவே தட்டச்சு செய்தேன். அப்பாவின் பத்தி இருந்த இடத்தில் அதை ஒட்ட மனம் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, அடுத்த பக்கத்தில் சேர்த்தேன்.

அம்மாவுக்கு இப்போது எண்பது வயது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தினம் ஒரு கேள்வி கேட்கிறேன். பதிலை அப்போதே எழுதி, இரண்டு இடத்தில் சேமித்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.