வலசை போகிறவர்கள்

பறவைகளின் இடப்பெயர்வுக்குத் தமிழில் வலசை என்றொரு அழகிய சொல் உண்டு. கனடாவின் குளிருக்கு அஞ்சித் தெற்கே செல்லும் முதியவர்களையும் இங்கே ‘ஸ்நோபேர்ட்ஸ்’ என்று பறவைப் பெயரிட்டே அழைக்கிறார்கள். இந்த ஒப்புமை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை 2019 ஜனவரியில் அவர்களுள் ஒருவனாய்ப் போனபோதுதான் யோசித்தேன்.

கால்கரியிலிருந்து அரிசோனாவின் குவார்ட்ஸைட்டுக்கு ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். நண்பரின் ஆர்.வி. வண்டியில் புறப்பட்டோம். தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்துவிடாதிருக்க, அவற்றில் இளஞ்சிவப்பு நிறத் திரவம் ஒன்றை நிரப்பியிருப்பார்கள். ஆகவே மொன்டானா, ஐடஹோ, யூட்டா நெடுகிலும் புட்டித் தண்ணீர்தான். யூட்டாவின் தென்கோடியில் செயின்ட் ஜார்ஜை அடைந்ததும், நண்பர் குழாயைத் திறந்துவிட்டுத் தெளிந்த நீர் வரும்வரை காத்து நின்றார். அவருக்குக் குளிர்காலம் முடிவது அந்தக் குழாயடியில்தான்.

குவார்ட்ஸைட்டை ஒட்டிய லா போசா பாலைவெளி அரசு நிலம். 1983 முதல் இத்தகைய இடங்களில் செப்டம்பர் 15 தொடங்கி ஏப்ரல் 15 வரை தங்குவதற்கு அனுமதிச் சீட்டு வழங்குகிறார்கள். மின் இணைப்பு கிடையாது; வண்டிக் கூரைகளில் சூரியத் தகடுகள் மின்னுகின்றன.

எங்களுக்கு அடுத்து, பழைய வேன் ஒன்றில் எழுபதை நெருங்கும் அம்மையார் ஒருவர் இருந்தார். 2008 பொருளாதார வீழ்ச்சியில் வீட்டை இழந்தவர். கோடையில் வடக்கே முகாம்களில் கழிப்பறைத் துப்புரவு, இலையுதிர்காலத்தில் சர்க்கரை பீட் அறுவடை, பனிக்காலத்தில் இந்தப் பாலை. இத்தகையோரைப் பற்றி ஜெஸிக்கா ப்ரூடர் 2017இல் எழுதிய ‘நோமேட்லேண்ட்’ நூலை, அல்லது அதைத் தழுவிய 2020ஆம் ஆண்டுத் திரைப்படத்தை நண்பர்கள் சிலர் அறிந்திருக்கக்கூடும்.

“எப்போது ஊர் திரும்புவீர்கள்?” என்று நண்பர் வழக்கம்போல் கேட்டார்.

“எந்த ஊருக்கு?” என்றார் அம்மையார், மடக்கு நாற்காலியை வெயில் பக்கம் திருப்பிப் போட்டபடி. குரலில் வருத்தம் ஏதுமில்லை.

அன்றிரவு சத்திமுற்றப் புலவர் நினைவுக்கு வந்தார். மதுரையின் வாடைக்காற்றில் உடுக்கத் துணியின்றி ஒடுங்கிக் கிடந்து, வடக்கு நோக்கிப் பறக்கும் நாரையிடம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பியவர். நாரைக்குக் குளிர் ஒரு பருவம். புலவருக்கு அது வறுமை. பாலைவெளியில் இருவகையினரும் அருகருகே வண்டியை நிறுத்தி ஒரே வெயிலைக் காய்கிறார்கள். பார்வைக்கு வேறுபாடு தெரிவதில்லை.

வெயில் முற்றியதும் இருவருமே வடக்கே திரும்புவார்கள். நண்பர் வீட்டுக்கு, அம்மையார் வேலைக்கு.