வெற்றியால் வந்த வினை

மார்ச் 11, 2025, செவ்வாய்

பென்சில்வேனியா மலைகளுக்குள் லொரெட்டோ என்று ஒரு சிற்றூர். அங்கிருக்கும் செயின்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழகம் இன்றிரவு கூடைப்பந்தில் சென்ட்ரல் கனெக்டிகட் அணியை 46–43 என்று வென்று, நார்த்ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரிக் கூட்டணியின் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. 46 புள்ளி, பெரிய அணிகள் பாதி ஆட்டத்திலேயே எடுத்துவிடுகிற எண்ணிக்கை. இந்தப் பருவத்தில் 16 வெற்றி, 17 தோல்வி. அழகான ஆட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பட்டம் பட்டம்தான். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் தேசியப் போட்டிக்கு 1991க்குப் பிறகு முதன்முறையாகப் போகிறார்கள்.

இந்தக் கல்லூரியைக் கூடைப்பந்து உலகம் மறக்காமல் இருக்க ஒரு மனிதர் காரணம்: மாரிஸ் ஸ்டோக்ஸ். 1955இல் இங்கே படிப்பை முடித்து என்பிஏவுக்குப் போய், முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகம் ஆனார். 1958இல் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, சில நாளில் உடல் செயலிழந்தது. சக ஆட்டக்காரர் ஜாக் ட்வைமன் அவருடைய சட்டப்படியான பொறுப்பாளராகி, கடைசிவரை பார்த்துக்கொண்டார். 1970இல் இறந்த ஸ்டோக்ஸை லொரெட்டோ வளாகத்தில், பிரான்சிஸ்கன் துறவிகளின் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். இன்றைய ஆட்டக்காரர்களும் ஸ்டோக்ஸின் பெயர் தாங்கிய கட்டடத்தில்தான் பயிற்சி எடுக்கிறார்கள்.

மார்ச் 15, சனி

அட்லான்டிக் சிட்டியில் மவுன்ட் செயின்ட் மேரிஸ் அணி ஐயோனாவை 63–49 என்று தோற்கடித்து எங்கள் வட்டார கான்ஃபரன்ஸ் பட்டத்தை எடுத்தது. இரண்டுமே சிறிய கத்தோலிக்கக் கல்லூரிகள். எங்கள் ஊரான ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ் இந்த வருடம் கணக்கிலேயே இல்லை.

ஜெர்சி சிட்டியின் ஜர்னல் ஸ்கொயரில் ரயிலிறங்கி, மளிகைக்கும் தோசைக்கும் நியூவர்க் அவென்யூ போகிற நம்மவர்களில் பலருக்கு, நடந்து போகும் தூரத்தில் கென்னடி பொலிவார்டில் செயின்ட் பீட்டர்ஸ் என்று ஒரு ஜேசுயிட் பல்கலைக்கழகம் இருப்பதே 2022 மார்ச்சில்தான் தெரிந்தது. என்சிஏஏ போட்டிக்கு 15ஆவது சீடாக, அதாவது தரவரிசையில் கிட்டத்தட்ட கடைசியில், போன அந்த அணி கென்டக்கியை 85–79 என்று கூடுதல் நேரத்தில் சாய்த்தது. கென்டக்கியின் பயிற்சியாளர் ஜான் கலிபாரிக்கு ஆண்டு ஊதியம் 80 லட்சம் டாலருக்கு மேல். செயின்ட் பீட்டர்ஸ் ஆண்கள் அணியின் மொத்தச் செலவு அதில் கால் பங்குகூட இல்லை. அடுத்து மர்ரே ஸ்டேட், அதற்கடுத்து பர்டூ. 15ஆவது சீடு ஒன்று கடைசி எட்டுக்குள் நுழைந்தது அதுதான் முதல்முறை. டக் எடர்ட் என்ற பையனின் மீசைகூடப் பிரபலமாகி, ஒரு கோழிக்கறி உணவகச் சங்கிலி அவரை விளம்பரத்துக்கு எடுத்தது.

நார்த் கரோலைனாவிடம் தோற்றுத் திரும்பிய வாரமே பயிற்சியாளர் ஷஹீன் ஹாலவே தாம் படித்த சீட்டன் ஹாலுக்குப் போய்விட்டார். ஆட்டக்காரர் கேசி என்டெஃபோவும் பின்னாலேயே அங்கே போனார். எடர்ட் பிரையன்ட்டுக்கு, டாரில் பேங்க்ஸ் செயின்ட் பொனவென்ச்சருக்கு, டிராமே இரட்டையர் லா சாலுக்கு. அடுத்த குளிர்காலத்தில் ரன் பேபி ரன் அரங்குக்குப் போனபோது, தொலைக்காட்சியில் மனப்பாடமான முகங்களைத் தேடினேன். களத்தில் அநேகமாக எல்லாரும் புதியவர்கள்.

மறு வருடமும் இதே கதை. 2023 மார்ச் 17 அன்று, நியூஜெர்சியின் இன்னொரு தனியார் பல்கலைக்கழகமான ஃபேர்லி டிக்கின்சன், 16ஆவது சீடாக நின்று முதல் சீடான பர்டூவை 63–58 என்று வென்றது. நாட்டிலேயே குள்ளமான அணி அது. ஏழடிக்கும் மேல் உயரமான பர்டூவின் ஜாக் ஈடியை ஆளுக்காள் சுற்றி வளைத்தார்கள். பயிற்சியாளர் டோபின் ஆண்டர்சன் அங்கே வந்து ஒரு பருவம்தான் ஆகியிருந்தது. சில நாளிலேயே ஐயோனாவுக்குப் போனார். இன்று அட்லான்டிக் சிட்டியில் தோற்று நின்றவர் அவர்தான்.

மார்ச் 18, செவ்வாய்

டேட்டனில் நடந்த என்சிஏஏ ஆட்டத்தில் செயின்ட் பிரான்சிஸ் தோற்றது. 68–68 என்று நிற்கும்போது, அலபாமா ஸ்டேட் தன் கூடையடியிலிருந்து நீளமாக வீசிய பந்து பல கைகள் பட்டுத் தெறித்து ஒருவரிடம் விழுந்தது. அவர் அதைக் கூடைக்குள் போட்டார். 70–68.

இந்த ஒரு ஆட்டத்துக்கும் காசு உண்டு. போட்டியில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும், இறுதியாட்டம் நீங்கலாக, ஒரு ‘யூனிட்’. ஒரு யூனிட்டின் மதிப்பு ஆறு வருடத்தில் சுமார் 20 லட்சம் டாலர். அது ஆடிய கல்லூரிக்கு நேராக வருவதில்லை, கான்ஃபரன்ஸுக்குப் போய்ப் பங்காகும். போட்டியின் ஒளிபரப்பு உரிமையோ இப்போதைய ஒப்பந்தப்படி ஆண்டுக்குச் சராசரி 110 கோடி டாலர்.

சின்னக் கல்லூரி கையில் நேரடியாகக் காசு பார்ப்பது நவம்பரிலும் டிசம்பரிலும்தான். பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் அரங்கில் தோற்றுவிட்டுப் போக ஆளைக் கூலிக்கு அழைக்கும். ஓர் இரவுக்கு 80,000, 90,000 டாலர். ‘பை கேம்’ என்பார்கள். அந்தப் பணத்தில்தான் மற்ற விளையாட்டுகளின் பஸ் கட்டணமும் உடையும். பையன்கள் ஒரு வாரத்தில் மூன்று மாநிலம் சுற்றி, மூன்று இடத்திலும் முப்பது புள்ளியில் தோற்றுவிட்டு, திரும்பும் பஸ்ஸில் பரீட்சைக்குப் படிப்பார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

கடைசி பதினாறு அணிகள் முடிவாகிவிட்டன. எஸ்இசியிலிருந்து 7, பிக் டென் 4, பிக் 12இலிருந்து 4, ஏசிசி 1. கூட்டிப்பார்த்தால் பதினாறும் தீர்ந்துவிடுகிறது. நான்கு பணக்காரக் கான்ஃபரன்ஸுகளுக்கு வெளியே ஒருவர்கூட இல்லை. இந்தப் போட்டியில் இப்படி நடந்ததே இல்லை.

நாளை டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறக்கிறது. ‘நான் வேறு கல்லூரிக்குப் போகத் தயார்’ என்று ஆட்டக்காரர் பெயர் கொடுக்கும் பட்டியல் அது. 2018இல் வந்தது. முன்பெல்லாம் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் ஒருமுறை மட்டும் உட்காராமல் மாறலாம் என்றார்கள், 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்றார்கள். அதே 2021 ஜூலையில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் உரிமையும் வந்தது. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்ததுதான் விஷயம். ஒரு கதவு மட்டும் திறந்திருந்தால் சின்னக் கல்லூரிகள் எப்படியோ சமாளித்திருக்கும்.

போட்டி முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, அதற்குள் சந்தை தொடங்குகிறது.

மார்ச் 25, செவ்வாய்

டேட்டனில் தோற்று ஒரு வாரம். செயின்ட் பிரான்சிஸ் என்சிஏஏவின் மேல்தட்டான முதல் டிவிஷனை விட்டே விலகுகிறதாம். 2026–27 முதல் மூன்றாம் டிவிஷன். விளையாட்டு உதவித்தொகை கிடையாத டிவிஷன். அறிக்கையில் அவர்கள் சொல்லும் காரணங்களில் போர்ட்டலும் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமும் இருக்கின்றன.

அலுவலகத்தில் ஒருவர், “தோத்ததுல மனசு விட்டுட்டாங்க போல” என்றார். தோல்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபர்ட் பல்கலைக்கழகம் 2021இல் முதன்முறையாக இந்தப் போட்டிக்குத் தகுதிபெற்றது. இரண்டே மாதத்தில், அந்த மே மாதம், அதன் அறங்காவலர் குழு மூன்றாம் டிவிஷனுக்கு இறங்க வாக்களித்தது. அதே பெயர்கொண்ட புரூக்ளினின் செயின்ட் பிரான்சிஸ் கல்லூரி இன்னும் ஒருபடி மேலே போய், 2023இல் எல்லா விளையாட்டு அணிகளையும் கலைத்தது. நியூயார்க் நகரின் மிகப் பழைய கல்லூரிக் கூடைப்பந்து அணி அதோடு போனது.

இத்தனை வருடமும் சின்னக் கல்லூரி நிர்வாகங்கள் ஒரு கணக்கைச் சொல்லி நஷ்டத்தை நியாயப்படுத்தின: ஒருமுறை மார்ச்சில் ஜெயித்தால் போதும், பெயர் பரவும், விண்ணப்பம் குவியும், அதில் கல்லூரி பிழைக்கும். ஸ்போகேனின் கொன்சாகா 1999இல் கடைசி எட்டுக்கு வந்து, அதே வருடம் பொறுப்பேற்ற மார்க் ஃபியூவை இன்றுவரை விடாமல், அந்தக் கணக்கை நிரூபித்தது. டேவிட்சனில் ஸ்டீபன் கரி 2008இல் கடைசி எட்டுவரை கொண்டுபோனபோது இரண்டாம் வருட மாணவர். அடுத்த பருவமும் அதே கல்லூரிக்குத்தான் ஆடினார். இன்றைய விதிகளில் அந்தக் கோடையில் அவருக்கு எத்தனை அழைப்பு வந்திருக்கும்?

கணக்கு இப்போது தலைகீழ். தோற்கிற சின்ன அணியை யாரும் சீண்டுவதில்லை. ஜெயிக்கிற அணிதான் பயிற்சியாளரோடு சேர்த்துப் பிரித்தெடுக்கப்படுகிறது. அப்படி எடுத்துப் போகிறவர்களும் பொறுமைசாலிகள் இல்லை. ஆண்டர்சனை ஐயோனா இரண்டே பருவத்தில் அனுப்பிவிட்டது.

ஏப்ரல் 5, சனி

பக்கத்து வீட்டுத் தஞ்சாவூர்க்காரரின் மகன் ஊருக்கு வந்திருக்கிறான். மூன்றாம் டிவிஷன் கல்லூரி ஒன்றில் ஆடுகிறான். லொரெட்டோ கதையைச் சொன்னேன்.

“அங்கிள், எங்க கோச் பாதி நாள் அட்மிஷன் ஆபீஸ்ல வேலை பாக்கிற மாதிரிதான். ஒவ்வொரு வருஷமும் இத்தனை பசங்களைச் சேர்க்கணும்னு அவருக்கு டார்கெட் இருக்கு. அதுக்காகவே ரெண்டாவது டீம் ஒண்ணு வச்சிருக்காங்க.”

அவன் அப்பா குறுக்கிட்டார். “இவன் ஒரு மேட்ச் ஆடலை சார். பெஞ்சுல உட்கார நான் ஃபீஸ் கட்டறேன்.”

சிரித்தோம். ஆனால் அதுதான் அங்கே வியாபாரம். தனியார் சின்னக் கல்லூரிகள் மாணவர் கட்டணத்தில் வாழ்பவை. அதிலும் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சராசரியாகப் பாதிக்கும் மேல் தள்ளுபடி கொடுத்துத்தான் இழுக்கிறார்கள். அமெரிக்காவில் 2007இல் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன, பிறகு எண்ணிக்கை பெரும்பாலும் இறங்கியே வந்தது. அந்த 2007 குழந்தைக்கு இந்த வருடம் 18 வயது. இனிமேல் சேர்க்கைக்கு வரும் கூட்டம் வருடாவருடம் மெலியும். முதல் டிவிஷனில் ஆட்டக்காரர் செலவு, மூன்றாம் டிவிஷனில் அதே ஆட்டக்காரர் வரவு. லொரெட்டோவின் முடிவில் மனசாட்சியோடு கணக்குப்பிள்ளையும் உட்கார்ந்திருப்பார்.

இறங்கினால் பிழைக்கலாம் என்பதும் உறுதியில்லை. அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் 2006இலேயே முதல் டிவிஷனை விட்டது. 2024 மே 31 அன்று கல்லூரியையே மூடிவிட்டார்கள். அந்த நேரத்தில் அதன் பேஸ்பால் அணி தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது.

லொரெட்டோவின் பயிற்சியாளர் ராப் கிரிம்மலும் இந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுகிறார். அங்கேயே படித்து, அங்கேயே ஆடி, 2012 முதல் அங்கேயே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். அப்படி ஒரு வாழ்க்கை இனி யாருக்கு வாய்க்கும் என்று தெரியவில்லை.

ஜூன் 7, சனி

நேற்று நீதிபதி கிளாடியா வில்கன், வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார். வரும் பருவத்தில் ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாக 2.05 கோடி டாலர் வரை பகிரலாம். பழைய பாக்கியாக முன்னாள் வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர், பத்து வருடத்தில்.

வீரர்களுக்குப் பணம் போவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பயிற்சியாளர் கோடியில் வாங்க, உழைக்கிற பையன் உதவித்தொகையே பெரிது என்று இருக்கவேண்டும் என்ற ஏற்பாடு நெடுங்காலம் ஓடியதுதான் அநியாயம். 2021இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது சும்மா இல்லை.

கசப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பாக்கியின் பெரும்பங்கு பெரிய கான்ஃபரன்ஸுகளின் கால்பந்து, கூடைப்பந்து வீரர்களுக்குப் போகும். அதைக் கட்ட என்சிஏஏ பத்து வருடத்துக்கு முதல் டிவிஷன் கான்ஃபரன்ஸுகள் எல்லாவற்றின் பங்கிலும் பிடித்தம் செய்கிறது. அமெரிக்கக் கால்பந்து அணியே இல்லாத செயின்ட் பீட்டர்ஸும் இந்தப் பாக்கிக்குக் கைகொடுக்க வேண்டும். விருந்து ஒரு வீட்டில், மொய் ஊரெல்லாம்.

ஜூலை 1, செவ்வாய்

‘ஹவுஸ்’ சமரசப்படி பணப் பகிர்வு இன்றிலிருந்து நடைமுறைக்கு வருகிறது. ஆண்கள் கூடைப்பந்தில் மட்டும் இந்த வசந்தத்தில் 2,000க்கும் மேற்பட்டவர்கள் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள்.

அவர்களைத் தடுத்து நிறுத்தச் சொல்வது வீண், நியாயமும் இல்லை. இன்னொரு வழி உலகக் கால்பந்தில் நெடுநாளாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் இருக்கும் ஓர் ஆட்டக்காரரைக் காசு கொடுத்து இன்னொரு கிளப் வாங்கினால், அந்தத் தொகையில் 5 விழுக்காட்டை, 12 முதல் 23 வயதுவரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. ஆட்டக்காரரின் சம்பளத்தில் அது கைவைப்பதில்லை, வாங்குகிறவர்தான் கொடுக்கிறார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு பையனை 18 வயதில் யாரும் கேட்காதபோது எடுத்து, மூன்று வருடம் தேற்றி, படிப்பும் கொடுத்த கல்லூரிக்கு, அவன் போகிற நாளில் ஒரு பைசா கிடையாது. எடுத்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் தன் பகிர்வுத் தொகையோடு சேர்த்து ஒரு சிறு பங்கை விட்ட கல்லூரியின் உதவித்தொகை நிதிக்குக் கட்டட்டும். அடுத்த பையனை அங்கிருந்து வளர்க்கலாம்.

பெரியவர்கள் தாமாக ஒப்புவார்களா? மாட்டார்கள். கல்லூரி மாணவருக்குக் கிளப் ஒப்பந்தம் கிடையாது, அதனால் விற்பனையும் கிடையாது என்று வக்கீல்கள் சொல்வார்கள். ஆனால் சின்னக் கல்லூரிகளிடம் பேரம் பேச ஒன்று இருக்கிறது. நவம்பரில் பெரிய அரங்குகள் நிரம்ப எதிரணி வேண்டும், மார்ச்சில் தொலைக்காட்சி விற்க ஒரு ஃபேர்லி டிக்கின்சன் வேண்டும். 90,000 டாலருக்குத் தனித்தனியாகத் தோற்கப் போவதை நிறுத்தி, சின்னக் கான்ஃபரன்ஸுகள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து ஒரே விலை சொன்னால், பெரியவர்கள் தங்களுக்குள்ளேயே ஆடித் தோற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அப்போது வளர்த்த கூலியைப் பற்றியும் பேசுவார்கள். ஒன்று சேர இன்னும் தாமதித்தால், லொரெட்டோவைப் பார்த்து ஒவ்வொருவராக இறங்கிப் போவார்கள், விலை சொல்ல ஆளும் மிஞ்சாது.