நோய்க்கு ஓர் இலக்கம்

விழா மலரில் வைத்தியச் சிட்டையைப் பற்றி எழுதப் புகுந்த எம்மை வாசகர் பொறுத்தருள்வாராக. திருகோணமலைத் துறைமுகத்தருகே வளர்ந்த எமக்குக் குருதிப் பரிசோதனை என்றால் விரல் நுனியில் ஓர் ஊசிக்குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு துளி, அவ்வளவே. மலேரியாக் கிருமியை நுணுக்குக்காட்டியில் தேடிய அரசாங்கத்தார் காசு கேட்டதில்லை. ஆகவே சிட்டையும் இல்லை. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மறு ஆண்டு டெங்கு பெருகியபோது, தனியார் ஆய்வுகூடங்கள் டெங்கு அன்டிஜன் சோதனைக்கு ஆயிரம் ரூபாவுக்கு மேல் வாங்கலாகாதென அரசு விதித்தது. சோதனை விளங்காதவர்க்கும் விலை விளங்கிற்று.

எம்முடன் பயின்று அமெரிக்காவிற் குடியேறிய நண்பரொருவர் 2018இல் ஊர் வந்து திரும்பியதும் காய்ச்சலுற்றார். அங்குள்ள மருத்துவர் மலேரியா, டெங்கு, சிக்கா மூன்றையும் தேடுவித்தார். நண்பர் அனுப்பிய சிட்டையின் பிரதியில் நோயின் பெயர் ஒன்றேனும் இல்லை. ஐந்திலக்க எண்களே நிரையாய் நின்றன.

அவ்வெண்களை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966 முதல் வகுத்து வருகின்றது. கிருமியை நேரே தேடும் சோதனைகளிற் பெரும்பாலானவை 87 என்று தொடங்கும். 87207 என்பது சாயமூட்டிய பூச்சில் ஒட்டுண்ணி தேடுதல். நம்மூர்க் கண்ணாடித் துண்டேதான்! 87662 சிக்காக் கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கிக் காண்பது. அதே முறையில் டெங்குவைத் தேடியதற்கோ 87798 என்றிருந்தது. தனி எண் பெறாத பிற கிருமிகளுக்கெல்லாம் பொதுவான எண் அது. அமெரிக்கக் கண்டத்தில் 2015 அளவிற் பெரிதாய்ப் பரவிய சிக்காவுக்கு 2018இலேயே தனி எண் வாய்த்தது. கொரோனாவுக்கு 2020 மார்ச் 13ஆந் திகதி, உலகப் பெருந்தொற்றென அறிவித்த இரண்டாம் நாளே, 87635 கிடைத்தது. 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோரைப் பீடித்து, எமது கிண்ணியாவையும் கலக்கிய டெங்குவோ பிறவற்றோடு பிறவாய் நின்றது. இலக்கமிடுவோர் நோயின் கொடுமையைவிட அது யார் வாசலில் நிற்கின்றது என்பதையே பார்க்கின்றனர் போலும்.

இதனால் நண்பர்க்கு இடரும் நேர்ந்தது. 87798 எந்தக் கிருமியையும் குறிக்கலாமாதலின், எதை, ஏன் தேடினீர் என வினவிக் காப்புறுதிக் கம்பெனி பணந்தர மறுத்தது. காரணமாய் எழுதியிருந்த 'ஆர் 50.9' என்ற குறியீடும் இன்னதென்றறியாத காய்ச்சல் என்றே கூறிற்று. கிண்ணியாவில் டெங்கு பரவிய பத்திரிகைச் செய்திகளை அனுப்புமாறு நண்பர் எமக்கெழுதினார். நறுக்குகளைத் தேடியெடுத்து ஆங்கிலக் குறிப்புடன் அனுப்பினோம். மருத்துவர் தம் கடிதத்தோடு அவற்றை இணைத்தார். இரண்டு மாதங் கழித்துப் பணம் வந்தது.